சிங்கு அண்ணனின் வெள்ளோட்டம்

ஒரே பொருள் இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி இருப்பதைப் பார்த்துப் பதறிப்போகிற மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் சிங்கு அண்ணன். மற்ற எல்லாருக்கும் அது பழகிப்போய்விட்டது. மேடையில் ஒரு பேச்சு, வீட்டில் ஒரு பேச்சு என்று இருப்பதுதானே நம் நாட்டு நடைமுறை? சிங்கு அண்ணனுக்கு மட்டும் அது கடைசிவரை பழகவே இல்லை.

பெயரை வைத்து அவரைச் சர்தார்ஜி என்று நினைத்துவிடாதீர்கள். அசல் வடக்கனந்தல்காரர். இரண்டு கம்ப்யூட்டர்களில் இருக்கும் மெயில்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இதில் இல்லாததை அதிலிருந்தும் அதில் இல்லாததை இதிலிருந்தும் எடுத்துப் போட்டு, இரண்டையும் அச்சு அசலாக ஒரே மாதிரி ஆக்குவதற்கு 'சிங்க்' என்று பெயர். அந்தச் சொல்லை அவர் மூச்சுக்கு மூச்சு சொல்வார். "சிங்க் ஆயிடுச்சா? சிங்க் பண்ணியாச்சா?" கேட்டுக் கேட்டுக் காது புளித்து, அதையே அவருக்குப் பெயராக வைத்துவிட்டோம். ஒருமுறை பக்கத்துத் தெரு அம்மாள் ஒருவர், 'சிங்க் வேலை பாக்கறவரு' என்று கேள்விப்பட்டு, சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டதற்கு ஆள் விட்டு இவரை அழைத்தார். அண்ணனும் போனார். தொட்டியைக் குனிந்து பார்த்தார். "இதுல தண்ணி ஒரு பக்கமாத்தாங்க போவணும். என் வேலையில ரெண்டு பக்கமும் போய் வரணும். இது வேற டிபார்ட்மென்ட்டுங்க" என்று விளக்கிவிட்டுத் திரும்பி வந்தார்.

நாங்கள் வேலை பார்த்தது கள்ளக்குறிச்சியில், கல்வராயன் மலை மக்களின் முன்னேற்றத்துக்காக நடந்த ஒரு தொண்டு நிறுவனத்தில். மலை முன்னேறியதா என்பது எனக்குத் தெரியாது. டைரக்டரின் வீடு ஒரு மாடி முன்னேறியது. டைரக்டர் என்றால் எங்கள் நிறுவனத் தலைவர். போர்டைப் பார்த்துவிட்டு சினிமா டைரக்டர் என்று நம்பி, சான்ஸ் கேட்டு போட்டோவோடு வந்தவர்களும் உண்டு. வந்தவர்கள் ஏமாந்து போயிருக்க மாட்டார்கள். நடிப்பு என்றால் என்ன என்று அவரைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கலாம்.

கீழே கள்ளக்குறிச்சியில் தலைமை அலுவலகம். மேலே வெள்ளிமலையில் ஒரு கிளை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு இ-மெயில் முகவரி. மலையில் அப்போது இன்டர்நெட் கிடையாது. மழை பெய்தால் போனும் கிடையாது. ஆகவே சிங்கு அண்ணன்தான் இன்டர்நெட். செங்கல் கனத்தில் ஒரு பழைய லேப்டாப். அதைக் கீழே இருக்கிற கம்ப்யூட்டரோடு ஒயரால் இணைத்து சிங்க் செய்வார். பிறகு ரெக்சின் பையில் போட்டு, பையைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறி வெள்ளிமலை போய், மேலே இருக்கிற கம்ப்யூட்டரோடு இணைத்து மறுபடியும் சிங்க் செய்வார். இறங்கி வந்து மறுபடியும் ஒரு தடவை. வாரா வாரம் வியாழக்கிழமை இதுதான். மலைச்சாலையின் ஒவ்வொரு வளைவிலும் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் ஆள், லேப்டாப்பை மட்டும் விடமாட்டார்.

மவுஸைத் தொடமாட்டார். "எலி புடிக்கறதுக்கா நா படிச்சேன்?" என்பார். கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான் அவருடைய கம்ப்யூட்டர். ஒரு வரி கட்டளையை உதடு அசையச் சொல்லிக்கொண்டே தட்டுவார். கடைசியில் என்டர் பொத்தானை மட்டும் முருங்கைக்காய் முறிக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு தட்டுவார். டீ கொண்டுவருகிற ஆள் இதைப் பார்த்துவிட்டு, தன் கடை வாசலுக்கும் ஏதாவது ஓதிக் கொடுக்க முடியுமா என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார்.

அந்த டீக்கடையே ஒரு கதை. பஸ் ஸ்டாண்டில் எதிரெதிராக இரண்டு கடைகள். சிங்கு அண்ணன் இந்தக் கடையில் அரை கிளாஸ், அந்தக் கடையில் அரை கிளாஸ் குடிப்பார். "ஒரு பக்கம் மட்டும் குடிச்சா மனசு ஒப்பலடா தம்பி" என்பார். இரண்டு கடைக்காரர்களும் அவரைத் திட்டினார்கள். அந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாகத்தான் இருந்தது.

அவர் வேலையில் ஒரு சம்பிரதாயம் உண்டு. நிஜமாகச் சிங்க் செய்வதற்கு முன்னால் ஒத்திகை பார்ப்பார். கட்டளையில் ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்தால் போதும். எது எங்கே போகும், எது அழியும் என்று திரையில் காட்டும், ஆனால் எதையும் செய்யாது. தேருக்கு வெள்ளோட்டம் விடுவதைப் போல என்று அவரே அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர் வைத்திருந்தார். வெள்ளோட்டம் விடாமல் அவர் வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை. கல்யாணம் ஆகாமல் போனதற்கும் அதுதான் காரணம். உளுந்தூர்பேட்டைப் பக்கம் பெண் பார்க்கப் போயிருந்தார். பெண்ணின் தாய்மாமன், "மாப்ளைக்குப் பொண்ண புடிச்சிருக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

"புடிச்சிருக்குங்க. ஆனா இன்னிக்கி வெள்ளோட்டந்தாங்க. சும்மா இன்னா ஆவும்னு பாத்துக்கினு போறதோட சரி. அடுத்த வாட்டிதான் நெசமா ஓட்டுவேன்."

பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவந்ததாக அவரே சொன்னார்.

அவருடைய கருவியும் லேசுப்பட்டதில்லை. ஒருமுறை அது குழம்பிப்போய், ஒவ்வொரு சிங்க்கிலும் ஒரே மெயிலைப் புதுசு புதுசு என்று நினைத்துப் பெருக்கித் தள்ளிவிட்டது. வெளிநாட்டு நன்கொடையாளர் டைரக்டருக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியிருந்தார். அது ஒரு பெட்டி நிறைய வாழ்த்தாகப் பெருகி நின்றது. டைரக்டர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, "பார்த்தீங்களா, ஒரே நாளில் எத்தனை தடவை என்னை நினைச்சிருக்கார்!" என்று ஸ்டாஃப் மீட்டிங்கில் கண் கலங்கினார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நன்றி எழுதவைத்து என் விரலை ஒடித்தார். மறுவாரம் அந்த வெள்ளைக்காரரிடமிருந்து, 'உங்களுக்கு உடம்பு நலந்தானே?' என்று கவலையோடு ஒரு மெயில் வந்தது. அதுவும் பெருகியது.

மேலே கிளையைப் பார்த்துக்கொண்டது லட்சுமணன். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர்க்காரர். மலைவாழ் மக்களுக்கான ஒதுக்கீட்டில் எம்.ஏ. படித்தவர். மலையில் எந்த ஊரில் எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஒருங்கிணைப்பாளர் செய்கிற வேலை முழுவதையும் வருஷக்கணக்காக அவர்தான் செய்துகொண்டிருந்தார். ஒருங்கிணைப்பாளர் என்ற பதவியை மட்டும் டைரக்டர் காலியாக வைத்திருந்தார். கொடுப்பேன் கொடுப்பேன் என்று கோழிக்குத் தவிடு காட்டுகிற மாதிரி காட்டிக்கொண்டே இருந்தார்.

அவை இட ஒதுக்கீட்டுப் போராட்ட வருஷங்கள். மத்திய அரசுக் கல்லூரிகளில் ஒதுக்கீடு வேண்டும், வேண்டாம் என்று நாடே இரண்டாக நின்றது. எங்கள் ஊரில் வேண்டும் என்று ஊர்வலம், மறியல். வடக்கேயிருந்து வேண்டாம் என்று சங்கிலி மெயில்கள். தகுதி என்னாவது, திறமை என்னாவது என்று நீட்டி முழக்கி, பத்துப் பேருக்கு அனுப்பச் சொல்லி முடியும் மெயில்கள். எங்கள் அறங்காவலர்களில் சிலர் சென்னையிலிருந்து அவற்றைத் தவறாமல் எங்களுக்கும் அனுப்பிவைத்தார்கள். சிங்கு அண்ணனுக்கு மெயில் என்றால் மெயில். எல்லாவற்றையும் ஒன்று விடாமல் மடியில் சுமந்து மலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

"இன்னா லட்சுமணா, இந்த வாரம் நெறைய வந்துக்கினு இருக்குது போல?" என்று ஒருமுறை பெருமையாகக் கேட்டிருக்கிறார்.

"வருதுண்ணா. எல்லாம் என்னப் பத்தித்தான். ஒண்ணுத்துலயும் என் பேரு இல்ல" என்றாராம் லட்சுமணன்.

பேர் போட்ட மெயிலும் ஒருநாள் வந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. ஒருங்கிணைப்பாளரைத் தேர்ந்தெடுக்க மறுநாள் அறங்காவலர்கள் வெள்ளிமலைக்கு வருவதாக ஏற்பாடு. அன்று மதியம் இட ஒதுக்கீட்டை ஆதரித்துக் கச்சிராயபாளையத்தில் மறியல். அதில் டைரக்டர்தான் முக்கியப் பேச்சாளர். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, சமூக நீதிக்கான முழுச் சீருடையில் கிளம்பி நின்றார். அப்போது சிங்கு அண்ணன் ஓடிவந்தார்.

"சார், ஒரு நல்ல சேதி சார். இத்தினி நாளா வர்ற மெயிலு மட்டுந்தான் மேல போய்க்கினு இருந்துது. நீங்க அனுப்பற மெயிலு போவல. ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்லியேன்னு எனக்கு ஒரே ரோதனையா இருந்துது சார். நேத்து அதையும் சேத்துட்டேன்!"

"அனுப்புற மெயிலா?" என்றார் டைரக்டர். "அனுப்பினா அது போயிடுமேய்யா. தபால் பெட்டியில் போட்ட லெட்டர் நம்ம வீட்டிலயேவா இருக்கும்?"

"காப்பி ஒண்ணு இருக்கும் சார். எல்லாம் இருக்குது. சென்னைக்கு எழுதுனீங்களே சார், லட்சுமணன் ஒதுக்கீட்டுல படிச்சி வந்தவன், அவன மேல ஒக்கார வெச்சா நம்ம தரம் கெட்டுடும், மூட்ட தூக்க, வழி காட்ட வெச்சிக்கலாம், பதவிய என் மச்சானுக்கே குடுத்துடலாம், நேர்காணல பேருக்கு நடத்திடலாம்னு. அது வெள்ளிமலைல கீது சார். ஒரு கமா மாறல!"

சிங்கு அண்ணன் பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்.

டைரக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. லட்சுமணன் எங்கே என்று கேட்டார். உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அன்று சாயங்காலம்தான் திரும்புவார். நேற்று அண்ணனே சாவி வாங்கித் திறந்து வேலையை முடித்துவிட்டுப் பூட்டியிருந்தார். அப்படியானால் இன்னும் படித்திருக்க மாட்டான் என்று டைரக்டருக்குப் பாதி உயிர் திரும்பியது. தன் கம்ப்யூட்டரில் அந்த மெயிலைத் தேடிப்பிடித்துத் தன் கையாலேயே அழித்தார்.

"இங்க அழிச்சா அங்கேயும் அழியுமா?"

"சிங்க் பண்ணா அழியும் சார். ரெண்டு பக்கமும் ஒண்ணாயிடணும்ல?"

"இப்பவே போ. அவன் வர்றதுக்குள்ள ஒண்ணாக்கிட்டு வா. ஆகலைன்னா நீ திரும்பி வரவேண்டாம்." என் பக்கம் திரும்பினார். "நீங்களும் கூடப் போங்க. இந்த ஆள் வேற எதையாவது சேர்த்துத் தொலைக்கப்போறான்."

கீழே ஒருமுறை சிங்க் செய்த லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அண்ணன் பஸ்ஸில் உட்கார்ந்தார். எனக்கு என்ன தோன்றியது என்றால், அந்த மெயிலை அவர் அப்போதுதான் மனசுக்குள் முதல்முறையாகப் படித்தார். அதுவரை அதை எண்ணிப் பார்த்திருந்தார், சரிபார்த்திருந்தார். படிக்கவில்லை.

கச்சிராயபாளையத்தில் பஸ் நின்றுவிட்டது. ரோட்டுக்குக் குறுக்கே டிராக்டர்கள். ஒரு டிராக்டர் டிரெய்லரின் மேல் மைக்கோடு எங்கள் டைரக்டர். ஜீப்பில் எங்களை முந்தி வந்துவிட்டார் போல. "மலையில் இருக்கிறவனும் மேலே வரவேண்டும்! அவனும் நாற்காலியில் உட்காரவேண்டும்! தகுதி, திறமை என்று சொல்லி ஏமாற்றுகிறவர்களை இந்த மண் மன்னிக்காது!" என்று முழங்கிக்கொண்டிருந்தார். கைதட்டல் காதைப் பிளந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

துண்டு கட்டிய ஒருவர் பஸ்ஸில் ஏறினார். "யாரும் போவக்கூடாது. நீங்க எங்கங்க போறீங்க?"

"வெள்ளிமலைக்குங்க" என்றார் சிங்கு அண்ணன்.

"இன்னா அவசரம்?"

"ஒரு மெயில அழிக்கணுங்க."

"யாரு மெயிலு?"

சிங்கு அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, டிரெய்லரைக் காட்டினார். நீட்டிய கையை டைரக்டர் பார்த்துவிட்டார். அந்த மனிதரின் சமயோசிதத்தை நான் குறைசொல்ல மாட்டேன். ஒரு நொடி தடுமாறாமல் மைக்கில் சொன்னார்: "தோழர்களே! அந்தப் பேருந்தில் நம் தோழர்கள் இருவர் சமூக நீதிப் பணிக்காக அவசரமாக மலையேறுகிறார்கள்! வழிவிடுங்கள்!"

டிராக்டர் ஒதுங்கியது. கூட்டம் எங்களைப் பார்த்துக் கைதட்டியது. யாரோ ஒருவர் ஜன்னல் வழியாக அண்ணனுக்கு ஒரு துண்டு போர்த்திவிட்டார். வெள்ளிமலை வரை அதை எடுக்கத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கிளை அலுவலகத்தைத் திறந்தோம். கரண்ட் இருந்தது. அண்ணன் லேப்டாப்பை இணைத்து, வழக்கம்போல வெள்ளோட்டம் விட்டார். வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி வந்தது. மேலே உள்ளதில் ஒன்று அழிக்கப்படும். அவ்வளவுதான். இனி அந்தக் கூடுதல் சொல்லை எடுத்துவிட்டு என்டரைத் தட்டவேண்டியது மட்டுமே பாக்கி. அண்ணன் கையைப் பொத்தானுக்கு மேலே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாண்ணே? தட்டுங்க" என்றேன். எனக்கும் வேலை போய்விடுமே என்ற பயம். வீட்டில் அடுப்பு எரியவேண்டுமே.

"தம்பி, நா போன அப்பறம் இந்த கம்ப்யூட்டர யாரும் தொறக்கல. அவன் இன்னும் படிக்கல."

"அதனாலதான அழிக்கச் சொல்றாரு?"

"இதுல அவன் பேரு கீதுடா. அவன் படிக்காத மெயில நா எப்டி அழிக்கறது? அது எந்த ஊர் சிங்க்கு?"

"ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

"ஆமா, நாந்தான் சொன்னேன்." திரையையே பார்த்தார். "இவ்ளோ நாளா நா ஒண்ணாக்கி இன்னா ஆச்சு? கம்ப்யூட்டருதான் ஒண்ணாச்சு." ஒயரைப் பிடுங்கினார். இரண்டு பக்கமும் இரண்டு மாதிரி இருக்கும்போதே அவர் ஒயரைப் பிடுங்கியதை அன்றைக்குத்தான் கண்டேன். நாங்கள் இருவரும் வாசற்படியில் போய் உட்கார்ந்தோம்.

லட்சுமணன் கல்யாண வீட்டுப் பலகாரப் பையோடு வந்தார். "எப்ப வந்தீங்க? சாப்ட்டீங்களா?" என்றார். அண்ணன் எழுந்துபோய்க் கம்ப்யூட்டரில் அந்த மெயிலைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். லட்சுமணன் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொருமுறை படித்தார்.

"இத எடுக்கத்தான் ரெண்டு பேரும் ஏறி வந்தீங்களா?"

"ஆமா."

"எடுக்கலியேண்ணா?"

"நீ படிக்கல."

நான் குதித்தேன். "லட்சுமணன், இதைப் பிரிண்ட் எடுங்க. நாளைக்கு அவங்க மூஞ்சியில விட்டெறிங்க!" பிரிண்டரில் மை காய்ந்து கிடந்தது. ஆனால் மை இருந்திருந்தாலும் அவர் எடுத்திருக்க மாட்டார்.

"எதுக்கு? எனக்குத் தரம் இருக்குதுன்னு காட்ட இன்னொருத்தன் எழுதுன மெயில காட்டணுமா? நா நேர்ல கேட்டுக்கறேன்." அவரே அதை அழித்தார். பிறகு அண்ணனைப் பார்த்து, "படிச்சாச்சுண்ணா. இப்ப ஒண்ணாக்கிக்கோ. இல்லாட்டி ஒன் வேல போயிடும்" என்றார். எங்களுக்குக் கையில் ஆளுக்கொரு அதிரசம் கொடுத்தார். அதைத் தின்று முடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கீழே வந்ததும் டைரக்டர் வாசலிலேயே நின்றிருந்தார். "சிங்க் ஆயிடுச்சா?"

நான் முந்திக்கொண்டு, "கறுப்பு ஸ்கிரீன்ல வெள்ளை எழுத்து ஓடுச்சு சார்" என்றேன். பொய் இல்லை பாருங்கள்.

"ஆயிடுச்சு சார்" என்றார் சிங்கு அண்ணன். "ரெண்டு பக்கமும் ஒண்ணா கீது. லட்சுமணன் படிச்சிட்டு அவனே அழிச்சிட்டான் சார்."

அந்த 'படிச்சிட்டு' என்ற சொல்லை விழுங்கியிருந்தால் வேலை மிஞ்சியிருக்கும். வாயைக் கட்டத் தெரியாத மனிதர். அதே இடத்தில், அதே நிமிஷத்தில் டைரக்டர் அவரை வெளியே போகச் சொன்னார். போர்த்திவிட்ட துண்டு இன்னும் அவர் தோளில்தான் இருந்தது. மடித்து மேஜைமேல் வைத்தார். "இது ஒங்க மீட்டிங்குது சார்" என்றார்.

மறுநாள் நேர்காணலில் லட்சுமணன் அறங்காவலர்களை நேராகவே கேட்டார்: "எனக்கு எதுல தரம் கம்மின்னு சொல்லுங்க, திருத்திக்கறேன்." ஒருவர் தண்ணீர் குடித்தார். ஒருவர் மலைக்காற்றைப் புகழ்ந்தார். டைரக்டர் பக்கத்தில் உட்கார்ந்து சமூக நீதி போலவே புன்னகைத்துக்கொண்டிருந்தார். பதவி மச்சானுக்குப் போனது. தெரிந்ததுதானே? பந்தி முடிந்த பிறகுதானே இவர்கள் இலை போடுவார்கள்.

முடிவு திங்கட்கிழமை மெயிலில் வந்தது. மேலே கொண்டுபோக ஆள் இல்லை. சிங்கு அண்ணன்தான் வேலையில் இல்லையே. வியாழக்கிழமை மச்சான் பதவியேற்கப் போகும்போது லட்சுமணனுக்குத் தானாகத் தெரிந்துவிடும் என்று டைரக்டர் சொல்லிவிட்டார். பாக்கியிருந்த தன் சாமான்களை எடுத்துப்போக அன்று அலுவலகத்துக்கு வந்திருந்த அண்ணன் அதைக் கேட்டுவிட்டார். நான் அவரோடு பஸ் ஸ்டாண்டு வரை போனேன். அவர் ஊரான வடக்கனந்தலும் வெள்ளிமலை போகிற வழியில்தான், ஒரே பஸ்தான். கண்டக்டரிடம் வெள்ளிமலைக்கு டிக்கெட் கேட்டார்.

"வூட்டுக்குப் போவலியாண்ணே?"

"அவன் அந்த மச்சான் மூஞ்சிய பாத்தா தெரிஞ்சிக்கணும்? நாம யாராவது வாயால போய்ச் சொல்ல வேணாமா தம்பி?" பஸ் கிளம்பியது. கையில் லேப்டாப் இல்லாமல், மடியில் எதை வைத்துக்கொள்வது என்று தெரியாமல், முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்.

கொஞ்ச நாளில் நானும் அந்த வேலையை விட்டுவிட்டு என் ஊரான களமருதூருக்கே வந்துவிட்டேன். லட்சுமணன் நிலத்தில் மரவள்ளி போட்டுக்கொண்டு, ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் பாடம் சொல்லிக்கொடுப்பதாகக் கேள்வி. டைரக்டர் வீட்டில் இரண்டாவது மாடியும் எழும்பிவிட்டது. சிங்கு அண்ணனைப் பற்றி மட்டும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வடக்கனந்தல் வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்ப்பேன். அவர் தென்பட்டால் இறங்கிவிடுவேன், எந்த ஊருக்கு டிக்கெட் எடுத்திருந்தாலும் சரி.